இரண்டாவது கடை

மார்ச் 3, செவ்வாய்

ஒரு மாதமாக இதைத் தொடவில்லை. கடைசியாக எழுதியது பிப்ரவரி தொடக்கத்தில். பக்கம் முழுக்க ஒரே சந்தோஷம். பார்லர் முதலாளியம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாவது கடை திறக்கப் போகிறார், அதை என் பொறுப்பில் விடப் போகிறார் என்று எழுதியிருக்கிறேன். நாற்காலிக்கு என்ன நிறத்தில் உறை போடலாம் என்றுகூட யோசித்திருக்கிறேன். படிக்கப் படிக்க எரிச்சலாக வருகிறது. யார் இந்தப் பெண்? இப்படிப் பல் தெரியச் சிரிக்க இவளுக்கு என்ன கிடைத்துவிட்டது?

நடந்ததையெல்லாம் எழுதிவிட வேண்டும். இன்று முடியாது. நாள் முழுக்க நின்றுகொண்டே வெட்டியதில் தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கிறது.

மார்ச் 4

முதலில் அந்தத் தலைமையாசிரியை விஷயம்.

அவர் என் கஸ்டமரே இல்லை. நாத்தனாரின் கஸ்டமர். புருஷனோடு ஒத்துவராமல் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்தவளைச் சும்மா உட்கார வைப்பானேன் என்று பார்லரில் சேர்த்துவிட்டது யார்? நான்தான். அதுவும் என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில்.

தலைமையாசிரியைக்குத் திங்கட்கிழமை பணி ஓய்வு விழா, சனிக்கிழமை தலைக்கு டை. அந்த வாரம்தான் நாங்கள் டை வாங்கும் கம்பெனி மாறியிருந்தது. கம்பெனி மாறினால் எவ்வளவு பழைய கஸ்டமராக இருந்தாலும் காதுக்குப் பின்னால் புது டையில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். அரித்தாலோ சிவந்தாலோ அந்த டை அவருக்கு ஆகாது. வியாழக்கிழமை பொட்டு வைத்தது நாத்தனார். சனிக்கிழமை அவளுக்கு மகளின் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம். நீங்க போட்டு விட்டுடுங்க அண்ணி என்றாள். டெஸ்ட் பண்ணியாச்சா என்று கேட்டேன். பண்ணியாச்சு, ஒன்றும் இல்லை என்றாள். அந்த அம்மாளும் காதை மடித்துக் காட்டினார். தோல் சுத்தமாக இருந்தது.

கலக்கினேன், பூசினேன், அலசினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, இப்படியே இன்னும் பத்து வருஷம் வேலை பார்க்கலாம் போலிருக்கே என்று சிரித்தார்.

திங்கட்கிழமை காலை இமை இரண்டும் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லையாம். அத்தனை பேர் கூடியிருந்த விழாவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் கண் ஆபரேஷன் முடிந்து வந்தவர் மாதிரி இருக்கிறார். பாவம்.

மார்ச் 5

முதலாளியம்மா எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். நாத்தனார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நான் புது டையிலதான் டெஸ்ட் போட்டேன். அண்ணி கலக்கினதுலதான் ஏதோ ஆயிருக்கணும்."

இத்தனை வருஷமாகக் கலக்குகிறேன், பழியைத் தூக்கி ஒரு நொடியில் என் தலையில் கட்டிவிட்டாள்.

மறுநாள் டைகளை அடுக்கும்போதுதான் புத்திக்கு எட்டியது. அந்த நிறத்தில் புது டை ஒரே ஒரு டியூப்தான் வந்திருந்தது. டியூப் வாயை மெல்லிய தகடு அடைத்திருக்கும். மூடியைத் திருப்பிப் பிடித்து அதன் கூர்முனையால் குத்தினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். அதைச் சனிக்கிழமை குத்தியது நான். வியாழக்கிழமையே அவள் அதிலிருந்து எடுத்திருந்தால் தகடு எப்படி முழுசாக இருக்கும்? பழைய கம்பெனி டியூபில் மிச்சமிருந்ததைப் பிதுக்கிப் பொட்டு வைத்திருக்கிறாள். புதுசைப் பிரிக்கச் சோம்பல்.

குத்தும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேறு யார் சொல்லியிருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பேன். சொன்னது வீட்டு ஆள். நம்பிவிட்டேன்.

ஓடிப்போய் முதலாளியம்மாவிடம் சொன்னேன். நாத்தனார் இன்னொரு டியூப் இருந்தது, தீர்ந்துபோய்விட்டது என்றாள். முதலாளியம்மாவுக்குத் தலைவலி. "ரெண்டு பேரும் ஒரே வீடு. உங்க வீட்டுச் சண்டைய இங்க கொண்டு வராதீங்க."

மார்ச் 6

காலையில் நாத்தனார் எனக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தாள். எடுக்கவில்லை. மத்தியானம் நல்ல பசி.

மார்ச் 8, ஞாயிறு

நல்லதும் ஒன்று நடந்தது. அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். தகடு, டியூப், பழி, எல்லாம். இவர் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்துவிட்டு, யார் தப்போ, பூசினது உன் கைதானே, அந்த அம்மாவைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம், நானும் வருகிறேன் என்றார். இவர் அப்படி ஒரு இடத்துக்கு என்னோடு வந்ததே கிடையாது. வழியில் இறங்கி ஆப்பிள் வாங்கினார்.

வீக்கம் வடிந்திருந்தது. இமையில் தோல் உரிந்து வந்துகொண்டிருந்தது. என் கவனக்குறைவுதான் என்று சொன்னேன். சொல்லும்போது நாக்கு கூசியது. அந்த அம்மாள் ஆப்பிள் பையை வாங்கிக்கொண்டு, வேணும்னேவா பண்ணீங்க, போகட்டும் என்றார். மாடிப்படி இறங்கும்போது இவர் என் தோளில் கை வைத்தார். ஊரே எதிராக நின்றாலும் இந்த ஒரு ஆள் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 9

இரண்டாவது கடை நாத்தனாருக்கு.

டீ நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு முதலாளியம்மா அறிவித்தார். கஸ்டமர் முகம் வீங்கிய பிறகு என்னை எப்படி அனுப்புவது என்று அவர் நினைத்தால் அது தப்பில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சத்தம்கூட வந்தது.

மார்ச் 11

எழுதவே கை வரவில்லை.

மாமியார் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார். துணி மடித்துக்கொண்டே, போனது போகட்டும், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஆரம்பித்தார். அப்புறம் சொன்னார்: "பழைய டையில டெஸ்ட் போட்டுட்டேன்னு அவ அன்னைக்கே அண்ணன்கிட்ட அழுதுட்டா. அவன்தான் வாயத் திறக்காத, நான் பாத்துக்கறேன்னான்."

நான் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உனக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

தெரியாது. தெரிஞ்சவங்க மூணு பேரு, தெரியாதவ நான் ஒருத்தி. ஒரே வீட்டுல.

அன்னைக்கேன்னா? அப்போ நான் அழுதப்போ இவருக்குத் தெரியும். ஆப்பிள் வாங்கினப்போ தெரியும். தோள்ல கை வச்சப்போ — தெரியும்.

மார்ச் 12

நேற்று மாலை கேட்டேன். இவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தெரிந்துதான் என்னை மன்னிப்புக் கேட்கக் கூட்டிப் போனீர்களா என்றேன். பிரஷ் நிற்கவே இல்லை.

"அவளுக்கு வேலை போனா அந்தக் குழந்தையோட எங்க போவா? உனக்குக் கைத்தொழில் இருக்கு. நமக்குப் பிள்ளையா குட்டியா, ரெண்டாவது கடை எதுக்கு?"

கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் விட்டுத் தள்ளியிருப்பேன். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வா என்பது போலச் சொன்னார். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும் பஸ்ஸில், இல்லேன்னா என்ன, நீ இருக்க எனக்கு, நான் இருக்கேன் உனக்குன்னு சொன்ன வாய்தானே இது? அதெல்லாம் என்ன கணக்குல போச்சு? பிள்ளை இல்லாதவளுக்கு மானமும் வேண்டாமா?

மார்ச் 13

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கடை வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும். தப்பு என்னுடையதில்லை என்று முதலாளியம்மாவிடம் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னால் வீட்டுச் சண்டை. அவளுடைய அண்ணன் சொன்னால் நம்புவார்.

பார்க்கலாம் என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

பார்க்கிறார்.

நாத்தனார் மொட்டை மாடிக்கு வந்தாள். முகம் இளைத்திருந்தது. "பயந்துட்டேன் அண்ணி. அப்புறம் உண்மையச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அண்ணன் வேண்டாம்னுட்டாரு." அவள் பயந்ததை நான் நம்புகிறேன். வேலை போய்விடும் என்ற பயம் யாருக்குத்தான் இல்லை? பயந்தவள் செய்ததை மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. பயப்படாமல் உட்கார்ந்து யோசித்துச் செய்தவரைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவள் மகள் பின்னாலேயே வந்து என் மடியில் உட்கார்ந்து, பின்னல் போட்டுவிடச் சொன்னாள். போட்டுவிட்டேன்.

மார்ச் 18

பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கத்துக் கட்டில். கத்தரிக்கோல்களை எடுத்துக்கொண்டேன், உடுத்தக் கொஞ்சம் துணி. பார்லருக்கும் முழுக்குப் போட்டாயிற்று. நான் படியிறங்கும்போது இவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

மார்ச் 20

வேறு கடையில் வேலை. இங்கே ஆண்களும் வருவார்கள். கத்தி மழுங்கல், தண்ணீர் பைப் ஒழுகல், கடைக்காரம்மா ஓயாத வாய். பரவாயில்லை.

மார்ச் 29, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

முடி காதை மூடியிருந்தது. கல்யாணமானதிலிருந்து என்னைத் தவிர யாரும் அவர் தலையில் கத்தரி வைத்ததில்லை. என் நாற்காலிதான் காலியாக இருந்தது. உட்கார்ந்தார். துணியைக் கழுத்தில் கட்டினேன்.

கண்ணாடியைப் பார்த்தே பேசினார். அம்மாவுக்கு முழங்கால் வலி. குழந்தை உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இரண்டாவது கடையைத் திறந்தாயிற்று, நல்ல கூட்டம். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு வந்துடு" என்றார்.

"முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இப்பதானே கடை திறந்திருக்கு. கொஞ்ச நாள் போகட்டும்."

பின்னந்தலையில் அவருக்கு ஒரு சுழி. அந்த இடத்தில் கத்தரியைச் சாய்த்துப் பிடிக்காவிட்டால் முடி குத்திட்டு நிற்கும். சாய்த்துத்தான் பிடித்தேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தும்மல் வருவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். துணியை அவிழ்த்து உதறினேன். எழுந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனார்.

இங்கே கூட்டுவதற்கு ஆள் உண்டு. அந்த முடியை நானே கூட்டி அள்ளினேன். கடைக்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, யாரும்மா அது, சொந்தக்காரரா என்று கேட்டார்.

பழைய கஸ்டமர் என்றேன்.