ஈக்களுக்குக் காவல்

14.1.81
பொங்கல். விடுதியில் நானும் வாட்ச்மேனும்தான். ரவையும் வெல்லமும் கிண்டி லேபில் வளர்க்கும் ஈக்களுக்கு வைத்தேன். நானும் பொங்கல் கிண்டியாச்சு!

பழ ஈ கூட்டை விட்டு வெளியே வந்ததுமே பெண்ணைத் தனியே பிரிக்க வேண்டும். விட்டால் பாட்டிலில் இருக்கும் ஆணோடு சேர்ந்துவிடும். அப்புறம் எந்த ஆணின் குஞ்சு என்று எப்படிச் சொல்வது? அதனால் காலையும் மாலையும் காவல்.

19.1.81
ஈயின் சினைப்பையில் ஒரே செல்லிலிருந்து பிரிந்த பதினாறு செல்கள். ஒன்றுதான் முட்டையாகும். மற்ற பதினைந்தும் தங்களிடம் உள்ளதையெல்லாம் அதற்குள் ஊற்றிவிட்டுச் செத்துப்போகும். என் ஈக்களில் அவை ஊற்றுவதில்லை. முட்டை சிறுத்து நின்றுவிடுகிறது. பழுது ஒரே மரபணுவிலா, பலவற்றிலா? அதுதான் என் ஆராய்ச்சி.

அம்மா போனபின் காத்தாயி அக்கா பள்ளியை விட்டாள். நான் படித்தேன். சே, ஈயைப் பற்றி எழுதும்போது இது எதற்கு?

27.1.81
எங்கள் ஊர்ப்பக்கம் குடவாசலிலிருந்து சிங்காரவேலு அண்ணன் வந்தார். பண்ணையார் வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினாராம். எங்கள் தெருப் பெண்கள் வயலில் குறுக்கே உட்கார்ந்தார்களாம். அக்காவும். எல்லாரும் திருச்சி ஜெயிலில். யார் ஆட்சிக்கு வந்தாலும் போலீஸ் வேன் பண்ணை வாசலில்தான் நிற்கிறது.

"காத்தாயி உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. ஒரு எட்டு வந்து பாரும்மா."

28.1.81
கைடு தியாகராசன் சாரிடம் லீவு கேட்டேன். "போயிட்டு வா. ஆனா இப்ப விட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், தெரியுமில்ல?"

தெரியும். இந்த வாரம் பெண்களைப் பிரித்துவிட்டு அடுத்த வாரம் போகலாம்.

5.2.81
போகவில்லை.

11.2.81
எல்லாரையும் விட்டுவிட்டார்களாம். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போய்ப் பார்க்கவே இல்லை. திருச்சி என்ன, அமெரிக்காவிலா இருக்கு? ஒரு பஸ்தானே! என்ன மனுஷி நான்?

26.2.81
ஒரே மரபணுதான். சந்தேகமே இல்லை. சார் கை கொடுத்தார். அறைக்கு வந்தேன். யாரிடம் சொல்வது?

1.3.81
ஊருக்குப் போனேன். அக்கா வாசலில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று வழியெல்லாம் பயந்தேன். முறத்தை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து துடைத்துப் போட்டாள். அதிகாரிகள் வந்தால் போடுகிற நாற்காலி.

"அக்கா, ஜெயிலுக்கு…"

"அதுக்கென்ன, ஒனக்கு வேலையிருக்கும். காப்பி குடிக்கிறியா?"

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"ஐய, சேலை அழுக்காயிடும்" என்று முந்தானையால் நாற்காலியை இன்னொரு தரம் துடைத்தாள்.