விமானத்தின் கூன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருப்பதாகப் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள், நீ நன்றாக இருப்பதாகப் போனில் நீ சொல்கிறாய், இரண்டையும் நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் இழுத்துச் சொல்வதற்குள் உனக்கு வேலை வந்துவிடுகிறது. போன தடவையும் அப்படித்தான், அப்பாவே இல்லை, இனிமே அங்க வந்து நான் என்ன பண்ணப் போறேன்னு கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.  அதற்குப் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது, ஆனால் நடந்ததை முதலில் இருந்து சொன்னால்தான் புரியும். திட்டுவதாக இருந்தால் கடைசியில் திட்டு.

உன் அப்பா அறையை அப்படியே வைத்திருக்கிறேன். விமானத் தளத்துப் பட்டறையில் ஆயுசு பூராவும் நிஜ விமானத்துக்குத் திருகு முடுக்கின மனுஷர், ஓய்வு பெற்ற பிறகாவது நம் வீட்டு அலமாரிக் கதவுக்கு ஒரு திருகு முடுக்குவார் என்று பார்த்தேன், பிளாஸ்டிக் விமானம் ஒட்ட உட்கார்ந்துவிட்டார். கதவு இன்றைக்கும் தொங்குகிறது, உள்ளே விமானம் வரிசையாக நிற்கிறது. எல்லாமே ரஷ்யாக்காரனுடைய மிக் இருபத்தொன்பது. ஒரே விமானத்தை எதுக்குங்க இத்தனை தடவை செய்றீங்க என்று கேட்டால் கோபம் வந்துவிடும், ஒண்ணா இது, கண்ணைத் திறந்து பாருடி என்பார். சாப்பாட்டுத் தட்டில் கை காயக் காயப் பாடம் நடக்கும். முதலில் வந்ததுக்கு இறக்கை தொடங்குகிற இடத்தில் மீனுக்குச் செவுள் மாதிரி கீற்று இருக்குமாம், தரையில் ஓடும்போது கல்லும் தூசியும் போகாமல் கீழ்வாயை மூடிக்கொண்டு அந்தக் கீற்று வழியாக மூச்சு விடுமாம், பிறகு புதிதாகக் கட்டினதில் கீற்றை எடுத்துவிட்டு வாய்க்கே வலை போட்டுவிட்டார்களாம். இரண்டு பேர் உட்காருகிற மாதிரியில் மூக்கில் ரேடார் கிடையாதாம், பின்னால் இன்னொரு ஆளுக்கு இடம் பண்ணக் கழற்றிவிட்டார்களாம். கூட ஒரு ஆள் ஏறினா தூரத்துல வர்றது தெரியாது என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அது தெரிஞ்சிருந்தா நானும் ஏறியிருக்க மாட்டேன் என்று நானும் சொல்வேன். அப்படித்தான் ஆயிற்று பார், தூரத்தில் இருந்து நோய் வந்துகொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அவர் கடைசியாகச் செய்துகொண்டிருந்தது பாதியில் மேசை மேலேயே இருந்தது, பெயிண்ட் அடிக்கவில்லை. அவருடைய பட்டறைச் சிநேகிதர்கள் ரிவெட்டு மாமாவும் பெயின்டர் மாமாவும் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் பார்க்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். தூசி தட்டலாம் என்று அதைக் கையில் எடுத்தால் முதுகு பூராவும் பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற பட்டி அப்பிக் கிடக்கிறது, கழுத்தில் இருந்து வால் வரைக்கும் மேடு.  கடைசி நாட்களில் அவர் கை எப்படி நடுங்கியது என்று உனக்குத் தெரியாது, தண்ணீர்க் குவளையே நான்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கைதான் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ரிவெட்டு மாமா வாய் உனக்குத் தெரியும், செத்தவனையும் எழுப்பி வைத்துக் கிண்டல் பண்ணுகிற வாய். போன பிறகும் அவர் பெயர் கெட வேண்டாம் என்று பக்கத்து வீட்டுத் தச்சுப் பையனிடம் கொண்டுபோய் உப்புத்தாள் போட்டுச் சமமாகத் தேய்த்துத் தரச் சொன்னேன். அந்தப் பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்கா, இது வேணும்னே வெச்ச மாதிரி இருக்கே என்றான். என் வீட்டுக்காரர் கை நடுக்கம் எனக்குத் தெரியுமா உனக்குத் தெரியுமா என்று அதட்டினேன். குழந்தை கன்னம் மாதிரி வழவழவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டான், நல்ல வேலைக்காரன், அதுதான் வினை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். ரிவெட்டு மாமா நேரே அதைத்தான் எடுத்தார். எடுத்தவர் அதன் முதுகை விரலால் தடவிப் பார்த்தார்.  பிறகு மெதுவாக, அண்ணி, இதோட கூனு எங்க என்று கேட்டார். கூன் வேண்டுமாம் கண்ணு. பழைய மிக் இருபத்தொன்பதுக்கு எண்ணெய் போதாதாம், கிளம்பி நம்ம வீட்டு மொட்டை மாடியைச் சுத்திட்டு இறங்கிடும் என்கிறார் ரிவெட்டு மாமா. அதனால் பழசையே எடுத்து முதுகில் பெரிய தொட்டி கட்டி, தூரம் போகிற மாதிரி ஆக்கினார்களாம், அதற்கு எஸ்.எம்.டி என்று பெயராம். கடையில் அது கிடைக்காமல், உன் அப்பா பழைய விமானத்தை வாங்கி, அரிசி அரிசியாகப் பட்டி வைத்து அந்தக் கூனை வளர்த்திருக்கிறார். கை நடுக்கத்தோடேதான் வைத்திருக்கிறார், நடுக்கம் அதில் தெரியவே இல்லையாம். ஊர் உலகமெல்லாம் பழசைப் புதுசாக மாற்றும், புதுசைப் பழசாக மாற்றினது உன் அம்மா ஒருத்திதான். அதுவும் யாரும் சிரிக்கக் கூடாது என்று.

அதோடு விட்டார்களா. அழகான விமானத்துக்கு மூட்டை கட்டிவிட்டான் ரஷ்யாக்காரன், தேய்த்ததே நல்லது என்று பெயின்டர் மாமா எனக்கு ஆறுதல் சொன்னார். உனக்கு வெளிப்பூச்சு மட்டும்தான்டா தெரியும் என்று ரிவெட்டு மாமா பாய்ந்தார். பிறகு தானே அந்தக் கூனை வைத்துத் தருகிறேன் என்றார், அவர் விரலால் காட்டின உயரத்தைப் பார்த்துவிட்டு அது ஒட்டகம்டா என்றார் பெயின்டர் மாமா. துக்கம் கேட்க வந்த இடம் என்பது மறந்து காபி ஆறுகிற வரைக்கும் சண்டை. கடைசியில் ரிவெட்டு மாமா செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். இவ்வளவு மெனக்கெட்டு எதுக்குடா அந்தக் கூனு என்று தான் ஒரு நாள் கேட்டதற்கு, போறதுக்கு எல்லாத்துலயும் எண்ணெய் இருக்கு, திரும்பி வர்றதுக்குத்தான் இது, எம் பொண்ணு வந்தா கொடுக்கணும் என்றாராம் உன் அப்பா. என்னிடம் அவர் இதைச் சொல்லவில்லை. செவுளும் வலையும் இவ்வளவு சொன்ன மனுஷருக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர்கள் போன பிறகு நானே பட்டி எடுத்து வைத்துப் பார்த்தேன். பூரான் ஏறின மாதிரி வந்தது, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். சரியான உயரம் உனக்குத்தான் தெரியும், நீயும் அப்பாவும் போனில் அழுவதற்குப் பதிலாக அந்த விமானத்தின் முதுகைத்தான் பேசிக்கொண்டிருந்தீர்களாம், நாலு பக்கமும் அதன் படம் அனுப்பினவள் நீதானாம், ரிவெட்டு மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்து என்ன பண்ணப் போறேன் என்று கேட்டாய் அல்லவா, இதுதான் வேலை. அலமாரிக் கதவும் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே, அழுகை வந்தால் அழுதுவிடு, வேலை இருக்கிறது என்று சொல்லாதே. எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, உனக்கு ஒரு குறையும் வராது. ஒன்றை மட்டும் மறக்காதே, பட்டிக் குழாயின் மூடியை இறுக்கி, துணி சுற்றி, நிழலில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவை திறந்துவிட்டால் ரொம்ப நாள் தாங்காது, உள்ளேயே இறுகிவிடும் என்று தச்சுப் பையன் சொல்கிறான்.

இப்படிக்கு,
கூனைத் தேய்த்த உன் அம்மா