விட்டுப் படித்த வரி

சித்திரை 9, சனி

காலையிலேயே வெயில். பட்டணத்தில் படித்த மகன் செங்கோடனின் பெட்டி ராசிபுரம் பஸ் ஆபீசுக்கு வந்திருப்பதாக நேற்றே சேதி. போனேன்.

சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். வெண்ணந்தூரில் ஏறி ராசிபுரத்தில் இறங்கும் வரை பஸ் நிறையத் தெரிந்த முகம். ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவன், எப்படிப் போட்டால் என்ன என்று விட்டிருப்பார்கள். பஸ் ஆபீஸ் குமாஸ்தாதான், "ஏனுங்க, சட்டைப் பை வெளிய தொங்குதுங்களே" என்றான். அங்கேயே கழற்றித் திருப்பிப் போட்டேன். நாற்பத்தெட்டு வயதில் பஸ் ஸ்டாண்டில் வெற்று உடம்பு. வெட்கம்கூட வரவில்லை.

திரும்பும்போது கரிப்புகையில் ஓடும் பஸ் மேட்டில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நானும். பெட்டி மட்டும் மேலே உட்கார்ந்து வந்தது.

பெட்டியில்:
வேட்டி 3, சட்டை 4.
நோட்டு 5. எல்லாம் பழங்காலச் சரித்திரம். இங்கிலீஷ்.
காலேஜ் லைப்ரரி முத்திரை குத்திய தடிப் புத்தகம் 1.
தேங்காய் எண்ணெய், அரை டப்பி.
ஜுர மருந்து, முக்கால் புட்டி.
நான் எழுதிய கார்டுகள். நூல் போட்டுக் கட்டியிருக்கிறான்.

பெற்றவள் பாவாயி பெட்டிப் பக்கம் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

சித்திரை 10, ஞாயிறு

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைக் கயிறு அறுந்தது. பாத்தியில் பாதி காய்கிறது. கயிற்றை நாளை முடிச்சுப் போடலாம்.

கார்டுக் கட்டைப் பிரித்தேன். மேலே இருந்தது மாசி 18-இல் எழுதியது. "இங்கு சௌக்கியம். செவலை கன்று ஈன்றது. இவ்வளவு தூரம் வந்து போனால் படிப்பு கெடும். பரீட்சை முடித்துவிட்டு வா." கீழே கிரயப் பத்திரத்துக்குப் போடுவதுபோல முழுக் கையெழுத்து. மகனுக்கு எழுதும் கார்டில் இன்ஷியல் எதற்கு என்று தெரியவில்லை.

நான் மூன்றாம் பாரம் வரை படித்தவன். இந்த வீட்டில் கடுதாசி வந்தால் வாசிப்பவனும் நான், பதில் எழுதுபவனும் நான். பா.வுக்கு எழுத்து தெரியாது. மாசியில் அவன் கடுதாசியை அவளுக்குப் படித்தபோது ஒரு வரியை விட்டுப் படித்தேன். காய்ச்சல் என்றும், ஊருக்கு வரவா என்றும் கேட்ட வரி. படித்திருந்தால் அந்த நிமிஷமே மூட்டை கட்டிப் பட்டணத்துக்குக் கிளம்பியிருப்பாள். காய்ச்சல் யாருக்கு வரவில்லை என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரன்.

பங்குனி 3 தந்தி. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மறுநாள். விஷ ஜுரம், மூன்று வாரம் என்றார்கள். பா.விடம் மூன்று நாள் என்றேன். இன்றுவரை அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

கார்டைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன்.

சித்திரை 12, செவ்வாய்

கயிறு முடிந்தாயிற்று. சவரம். நாவிதர் பேச்சே கொடுக்கவில்லை. அவர் பேசாமல் சவரம் செய்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டபின் பா. ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்டியை எப்போது திறந்தாளோ.

"இதுல என்னுங்க எழுதியிருக்கறான்?"

"படிப்புதான். அந்தக் காலத்து ராஜா கதை."

"அதத்தான் படிங்க."

படித்தேன். ரோமாபுரி என்பது புரிந்தது. ரோடு என்பது புரிந்தது. மீதி வார்த்தைகளெல்லாம் ஆளுயரம். ஒரு ராஜா ரோடு போட்டான், வாய்க்கால் வெட்டினான் என்றேன்.

"மழை உண்டுங்களா அங்க?"

"நல்ல மழை."

"என்ன போட்டாங்க?"

வாயில் வந்தது நிலக்கடலை. ரோமாபுரியில் நிலக்கடலை நல்ல விளைச்சல் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இரண்டு வருஷம் பட்டணத்தில் உட்கார்ந்து அவன் கற்றதை அரை மணியில் நாசமாக்கிவிட்டேன்.

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அழுகையும் இல்லை. நெஞ்சில் உமி மூட்டை இருப்பதுபோல. கனம்கூட இல்லை.

சித்திரை 14, வியாழன்

காற்றே இல்லை. கார்டு ஒன்று. கெங்கவல்லி ராஜமாணிக்கம், செங்கோடன்கூட ஒரே அறையில் இருந்த பையன். லைப்ரரி புத்தகத்தைக் காலேஜில் கேட்கிறார்களாம், சனிக்கிழமை வந்து வாங்கிப் போகிறேன் என்று.

பா.விடம் கார்டை முழுக்கப் படித்தேன். இதில் விட ஒன்றும் இல்லை.

"ஒரே ரூம்புல இருந்த பையனுங்களா? அப்ப அவனுக்கு எல்லாந் தெரியுமே."

ஆமாம். தெரியும். பக்கத்துக் கட்டில்.

வர வேண்டாம், தபாலில் அனுப்புகிறேன் என்று ஒரு கார்டு எழுதினேன். கிழித்தேன். நான் எழுதும் கார்டுகளின் லட்சணம் தெரிந்ததுதானே.

சித்திரை 16, சனி

ராஜமாணிக்கம் பத்து மணிக்கு வந்தான். ஒல்லி. காலில் விழப்போனான், நான் பதறிப் பின்வாங்கியதில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது.

பா. பருப்பும் நெய்யும் போட்டாள். அவன் சாப்பிட்டுக் கை கழுவினதும் நோட்டை நீட்டினாள். "நீ படிச்சுச் சொல்லு சாமி. இவருக்கு இங்கிலீசு கொஞ்சந்தான்."

புரட்டினான்.

"ரோமாபுரியில நெலக்கடலை அமோகமா வெளஞ்சுதாமா?" என்றாள்.

பையன் என்னைப் பார்த்தான். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்கம்மா. அந்த மண்ணு அப்படி," என்றான். நல்ல பிள்ளை.

கடைசிப் பக்கங்களை வரி வரியாகச் சொன்னான். "இது அதுக்கு அப்பறம் வந்த காலம்மா. அச்சு கெடையாது. மடத்துச் சாமியாருங்க ஒரு புஸ்தகத்தப் பாத்து இன்னொண்ணு கையாலயே எழுதுவாங்க. சில பேரு நடுவுல ஒரு வரிய விட்டுருவாங்க."

"தூங்கிப்போட்டுங்களா?"

"தூக்கமும்தாங்க. சில பேரு தெரிஞ்சே விடுவாங்க. படிக்கறவங்களுக்கு இது வேணாம்னு."

"அப்பறம் எப்பிடிக் கண்டுபிடிக்கறது?"

"இன்னொரு படி எங்கயாச்சும் இருக்கும்மா. ரெண்டையும் பக்கத்துல வெச்சு, வரி வரியா வெரல் வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

நான் மோர் கொண்டுவர எழுந்தேன். மோர் அவன் முன்னாலேயே இருந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

"சாமி, எம்பையனுக்குக் காச்சல் எப்ப வந்துது?"

பையன் நோட்டை மூடினான். திறந்தான். "பரீட்சைக்கு முன்னாடிங்கம்மா."

"முன்னாடின்னா? ஊட்டுக்கு எழுதலையா அவன்?"

"எழுதறேன்னு சொன்னான்ங்கம்மா."

அதோடு நிறுத்திக்கொண்டான். பா. என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னுங் கொஞ்சம் நெய் ஊத்தியிருக்கலாம், நீ ஒண்ணுமே திங்கல," என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். புத்தகத்தைத் துண்டில் சுற்றி வைத்திருந்தான். பஸ் வரும் புகை தெரிந்ததும் சொன்னான்: "உங்க கார்டு வந்தப்ப அவனுக்கு வருத்தம் இல்லைங்கய்யா. அப்பா சொல்றதும் சரிதான்னு சொன்னான்."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். செங்கோடன் என்னைத் திட்டியிருந்தான் என்றால் தேவலையாக இருந்திருக்கும்.

"நேரமாச்சு, ஏறிக்க தம்பி," என்றேன்.

சித்திரை 17, ஞாயிறு

மேகம் கூடிக் கலைந்தது. ஒரு சொட்டு இல்லை. செவலைக் கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கீரைப் பாத்தியில்.

மத்தியானம் பா. அடுக்குப் பானையிலிருந்து அவன் கடுதாசிகளை எல்லாம் எடுத்து வந்தாள். மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்தவை.

"மொதல்லருந்து படிங்க. ஒண்ணும் உடாம."

"எல்லாம் படிச்சதுதானே?"

"படிச்சது நீங்க. நான் கேட்டதுதானுங்க." பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் வெரலு வெச்சுக்கறேன். ஒரு வரி முடிஞ்சாத் தலைய ஆட்டுங்க. அடுத்ததுக்கு எறக்கிக்கறேன்."

படித்தேன். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும் என்று எழுதியது. பாபிலோன்காரர்கள் களிமண்ணில் கடுதாசி எழுதிச் சூளையில் சுட்டார்கள், நம் செங்கல் சூளை ஞாபகம் வந்தது என்று எழுதியது. தலையை ஆட்டினேன், விரல் இறங்கியது. வேப்பங்கொட்டை பொறுக்கிய கை, நகத்தில் கறை. ஒரு வரிகூடத் தப்பவில்லை அவளுக்கு.

மாசிக் கடுதாசி கடைசி. கன்று ஈன்றதா என்று கேட்டிருந்தான். படித்தேன். பரீட்சைத் தேதி. படித்தேன். விரல் இறங்கியது.

அடுத்த வரிக்கு வந்ததும் வாய் திறக்கவில்லை. தொண்டையைச் செருமினேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

விரல் இறங்கவில்லை.

அதற்கடுத்த வரியைப் படித்தேன். அதற்கும் அடுத்தது. "இப்படிக்குத் தங்கள் அன்பு மகன்" வரை படித்து முடித்துத் தலையை ஆட்டினேன். விரல் அங்கேயே இருந்தது. கன்று மறுபடி அவிழ்த்துக்கொண்டு ஓடியது, இருவரும் எழவில்லை.

விரலுக்கு அடியில் இருந்தது: காய்ச்சல் மூன்று நாளாக விடவில்லை, அம்மா கைக் கஞ்சிக்கு ஊருக்கு வரட்டுமா அப்பா.