அப்பா விற்றதாகச் சொன்ன படகு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அப்பாவுக்கு மானம்தான் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சண்டை போடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் பயணிகள் படகு ஒன்றின் அடிப்பாகம் தண்ணீருக்குள் கிடந்த எதிலோ இடித்துவிட்டது, அதிலிருந்து எங்கள் துறைமுக அலுவலகத்தில் ஒரே அமளி. மூழ்கியது, கேட்பாரற்றுக் கிடப்பது எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டுமாம். முக்குளிப்பவர் இறங்கிப் பார்த்துப் படகு எண்ணைச் சொல்வார், நான் பதிவேட்டில் சொந்தக்காரரைத் தேடி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மொத்தம் பதினொன்று. ஏழாவது எண்ணைத் தேடினால் நம் வீட்டு விலாசம்! கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், நம் வீடேதான். மூன்று வருஷம் முன்னால் விற்றுவிட்டேன் என்றாரே, வாங்கினவர் புது வர்ணம் அடித்துக் கண்ணாக வைத்திருக்கிறார் என்று உனக்குப் போனில் கதை அளந்தாரே, உன் பெயர் எழுதிய அதே படகு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், முழுப் படகைத் தண்ணீரில் மறைத்தவர் உன் அப்பா ஒருவர்தான்.

நோட்டீஸை நம் வாசல் கதவில் ஒட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வந்தவர் படித்துவிட்டுத் தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றார். "இதை நீயா ஒட்டினே?" என்று கேட்டார், "ஆபீஸ் ஒட்டிச்சு, பசை மட்டும்தான் என்னோடது" என்றேன். அப்புறம்தான் உண்மை வந்தது. படகைக் கரையில் வைத்துக் கழுவியவர், அடியில் தண்ணீர் வடிகிற துளைக்கு மூடி போடாமலே இறக்கிக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் போய்ப் பார்த்தால் கயிறு மட்டும் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. "அவ பேரு எழுதின படகு, என் மறதியால முழுகிடுச்சுன்னு அவகிட்ட எப்படிச் சொல்வேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை தூக்கினார்கள். சேறும் சிப்பியுமாகக் கிரேன் பட்டைகளில் தொங்கிக்கொண்டு வந்தது, உன் பெயரில் முதல் எழுத்து மட்டும் மிச்சம். கிரேன்காரர் யாருதுப்பா இது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். மனுஷன் நழுவிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இவரோ வகுப்பில் ஆஜர் சொல்கிற பிள்ளை போலக் கையைத் தூக்கி, "என்னோடதுதான், மூடி போட மறந்துட்டேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். முக்குளிப்பவர், "விடுங்க சார், இந்தப் பதினொண்ணுல நாலு அப்படி முழுகினதுதான்" என்றார், அப்போதுதான் இவருக்கு மூச்சே வந்தது. ஃபைபர் படகை எரிக்கக் கூடாதாம், எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டுத் துண்டு துண்டாக அறுத்தார்கள். எழுத்து இருந்த துண்டை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார்கள், "அவளே நல்லா இருக்கா, இது எதுக்கு" என்று இவரே குப்பை லாரியில் ஏற்றிவிட்டார். எனக்குத்தான் கண் கலங்கிப்போனது.

உன் கழுத்து வலிக்கு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. இருவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணி எல்லாவற்றையும் தானே சொல்லப்போகிறாராம், மூன்று நாளாகக் குளியலறையில் ஒத்திகை நடக்கிறது. நீ முதல் தடவை கேட்பது போலவே கேட்டுக்கொள், என் கண்ணு.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா