பக்கத்தில் வரும் வண்டிகள்

ஜூன் 13, 2004 – ஞாயிறு

கம்ப்யூட்டர் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் வேங்கிக்காலில் எங்கள் தெருவிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் கம்ப்யூட்டர். அப்போது என்ன மதிப்பு! இப்போது கூடப் படிக்கிற கோபி வந்தால் "உங்க வூட்டு அம்மிக்கல்லு எப்படிடா இருக்குது" என்று கேட்கிறான்.

இதில் எனக்குப் போட்டி அப்பாதான். பகலெல்லாம் கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் நடுவில் வேன் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, காப்பியோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறார். நான் திருட்டு சி.டி.யில் வாங்கிவந்த ஆட்டம் அது. "ஓட்டனது பத்தலியாப்பா?" என்று அபிநயா கிண்டல் செய்தால், "இதுல டீசல் செலவு இல்ல பாப்பா, போலீஸ்காரனும் கை காட்டமாட்டான்" என்பார். பிளஸ் டூ படிக்கிற தங்கைக்கு அவர் சொல்லும் பதில் எப்போதும் இதுதான்.

இன்றைக்கு அப்பா நிறைய மோதினார். கடுப்பாகிவிட்டார்.

"பக்கத்துல வர்ற வண்டி கண்ணுக்கே வரமாட்டேங்குதுடா. திடீர்னு மூக்கு மேல வந்து நிக்குது."

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம் அல்லவா? விளக்கம் கொடுத்தேன். "நம்ம கிராபிக்ஸ் தனி கார்டு இல்லப்பா, போர்டோடவே ஒட்டனது. மெமரி கம்மி. ஒவ்வொண்ணா வரையறதுக்குள்ள நீ கிட்ட போயிடற. அதான் திடீர்னு வருது."

பொய் இல்லை. தூரத்து மரமும் கம்பமும் எனக்கே அப்படித்தான் முளைக்கின்றன.

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன். நான் என்னமோ ஏதோன்னு..." என்றார். முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 16 – புதன்

தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீருவது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்து பிரௌசிங் சென்டரில் சாயந்திர வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் எடுக்கிற மலை போட்டோக்களை சி.டி.யில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே மலை. ஒவ்வொருவரும் முந்நூறு போட்டோ எடுக்கிறார்கள்.

ஜூலை 3 – சனி

நேற்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு அப்பா விடிந்துதான் வந்தார். வேனின் இடது பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது.

"டி.வி.எஸ். ஃபிஃப்டிகாரன் ஒருத்தன் உரசிட்டான். எங்கேர்ந்து வந்தான்னே தெரியல" என்றார். அம்மா போய் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து எடுத்து வந்து வண்டிக்குக் கட்டினாள். கண்பட்டிருக்குமாம்.

ஜூலை 11 – ஞாயிறு

சென்னை. ரிச்சி தெரு. கோபியும் வந்தான். பழைய கார்டுதான், ஆனால் பேரம் பேசி ஜெயித்த சந்தோஷம் தனி. திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். செஞ்சி தாண்டும் வரைக்கும் கவரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் கோபி மானம் போகிறதென்று வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

ஜூலை 12

மாட்ட முடியவில்லை. அந்தக் கார்டு உட்காருகிற இடமே எங்கள் போர்டில் இல்லை.

மூடியைக் கழற்றி ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டாமா? இது முதல் வருஷப் பையன் செய்கிற தப்பு. முட்டாள். முட்டாள். அபிநயா சிரித்தாள், அவளிடம் கத்தினேன். அப்பா மட்டும் "வுடுடா, போர்ட மாத்தலாம்" என்றார்.

ஆகஸ்ட் 1 – ஞாயிறு

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நேற்றுப் பௌர்ணமி ஓட்டத்தில் வந்ததில் ஒரு பங்கை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"போர்டு வாங்கிடு."

"வேணாம்பா. நான் இன்னும் ரெண்டு மாசத்துல சேர்த்துடுவேன்."

"ரெண்டு மாசம்லாம் வேணாம். சீக்கிரம் மாத்துடா. அந்த வண்டிங்கல்லாம் ஒழுங்கா வருதான்னு பாக்கணும்."

விளையாட்டின் மேல் இந்த மனுஷனுக்கு இவ்வளவு வெறியா என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று வேறு சத்தியம் வாங்கினார்.

ஆகஸ்ட் 14 – சனி

கோபிக்குத் தெரிந்த ஒருவரிடம் போர்டு கிடைத்துவிட்டது. மெமரியும் சேர்த்துக் கொடுத்தார். எங்கள் பழைய பவர் சப்ளை பாக்ஸ் இதைத் தாங்காது என்கிறார். அதையும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் இன்னொன்று வாயைத் திறக்கிறது.

ஆகஸ்ட் 29 – ஞாயிறு

எப்படி எழுதுவது?

மதியம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். முதல் தடவையிலேயே உயிர் வந்தது. ஆட்டத்தைப் போட்டேன். என்ன ஒரு தெளிவு! மரங்கள் முளைக்கவில்லை, அங்கேயே நிற்கின்றன. ரொம்ப தூரத்தில் ஒரு பாலம், அதன்மேல் ஒரு கார் போவதுகூடத் தெரிந்தது. "அம்மா, அபி, வாங்க வாங்க" என்று வீட்டையே கூட்டினேன். அப்பா சட்டைகூடப் போடாமல் வந்து உட்கார்ந்தார்.

ஓட்டினார். ஒரு நாற்சந்தி. இடது பக்கத்திலிருந்து மஞ்சள் பஸ் ஒன்று வந்தது. எனக்கு அது எப்போதோ தெரிந்துவிட்டது. அப்பா பிரேக் போடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போடவில்லை. நேராகப் போய் மோதினார்.

திரும்ப ஓட்டினார். இந்த முறை வலது பக்கம் ஒரு டிராக்டர்.

"இன்னும் அப்படியேதாண்டா இருக்குது" என்றார். "கார்டு ஒழுங்கா உக்காரலியோ? கழட்டி மாட்டிப் பாரேன்."

அபிநயா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "அவ்ளோ பெரிய பஸ்ஸுப்பா. தெரியல உனக்கு?"

அப்பா எழுந்து குளிக்கப் போனார். பகல் மூன்று மணிக்கு எதற்குக் குளியல்? ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

அவர் உள்ளே போனதும் அம்மா கேட்டாள், "மெஷின் சரியாத்தானடா இருக்குது?" சரியாகத்தான் இருக்கிறது அம்மா. ஐயோ, சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் மாதம் "நான் என்னமோ ஏதோன்னு" என்றாரே, அந்த "ஏதோ" இதுதானா? பணம் கொடுத்தது விளையாட்டு வெறியா? மெஷின்மேல்தான் தப்பு என்று யாராவது நிரூபிக்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார். நானோ ஸ்க்ரூ டிரைவரோடு சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 30 – திங்கள், பௌர்ணமி

காலேஜ் போகவில்லை.

"இன்னிக்கு வண்டி எடுக்காதப்பா" என்றேன்.

"பௌர்ணமிக்கு வண்டிய நிறுத்தி வெச்சிட்டு இன்னா பண்ணச் சொல்ற? மாசத்துல இன்னிக்கித்தான் நாலு காசு."

"நேத்து பஸ்ஸே தெரியலியே உனக்கு."

"அது பொம்ம பஸ்ஸுடா. இது ரோடு. எனக்குத் தெரியாத ரோடா?"

அம்மா சாவியைத் தரமாட்டேன் என்றாள். அப்பா கத்தவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள்தான் கடைசியில் அழுதுகொண்டே கொடுத்தாள். நான் ஓடிப்போய் முன்னால் இடது பக்க சீட்டில் ஏறிக்கொண்டேன்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. கீழ்பென்னாத்தூரில் வண்டி நிறைந்தது. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. டவுனுக்கு வெளியே பஸ்களை நிறுத்திவிடுகிறார்கள், ஜனங்கள் இறங்கி ரோட்டோரமாகக் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். வண்டி மெல்ல மெல்ல இடது பக்கம் ஒதுங்கியது. அப்பா நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் நடந்துகொண்டிருந்தார். என் ஜன்னலுக்கு நேராக அந்தக் குழந்தையின் கால் —

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். அப்பா பிரேக்கை மிதித்தார். பின்னால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்த ஆள் வண்டியை ஓங்கிக் குத்தி, "கண்ணு தெரியலியாடா உனக்கு?" என்று கேட்டார். எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான்.

அப்பா கழுத்தை முழுசாக இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு ஜனம் போய்க்கொண்டிருந்தது.

"இவ்ளோ பேர் எப்படா வந்தாங்க?" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஓரமாக நிறுத்தினார். வண்டியில் கோளாறு என்று சொல்லி எல்லாரிடமும் காசைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு கிழவி திட்டிக்கொண்டே இறங்கினாள். ஸ்டாண்டில் அப்பாவோடு ஓட்டுகிற அர்ஜுனன் அண்ணன் வந்துதான் வண்டியை வீட்டில் விட்டார். அவரிடமும் அப்பா அதையே சொன்னார், வண்டியில் கோளாறு என்று. அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லியே வேணுண்ணே, பூ மாதிரி போவுதே" என்றார்.

செப்டம்பர் 11 – சனி

பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரி.

ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷின். அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கே வெளிச்சப் புள்ளி வந்தாலும் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். "இதுவும் கேமுதாண்டா" என்று அப்பா சிரித்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. அப்பா அழுத்தாமலே உட்கார்ந்திருந்தார். எப்போதாவது ஒன்று நடுவில் வந்தால் மட்டும் சட்டென்று அழுத்தினார். சரியாக அழுத்தினோம் என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். "எப்படிடா? நெறைய எடுத்தனா?"

டாக்டர் காகிதத்தைக் காட்டினார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் கொஞ்சம் வெள்ளை. கண்ணுக்குள் அழுத்தமாம். வலி இருக்காதாம், ஓரப் பார்வையைச் சுற்றிச் சுற்றித் தின்றுகொண்டே வருமாம். போனது திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். வண்டி ஓட்டவே கூடாது.

"எப்பலேர்ந்து தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"ஜூன் மாசம் கம்ப்யூட்டர்ல தெரிஞ்சுதுங்க" என்றார் அப்பா. இங்கே மட்டும் ஒளிவு மறைவே இல்லை.

"அப்பவே வந்திருக்கலாமே?"

டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "நான்தான் சார், சோம்பேறித்தனம்" என்றார்.

பஸ்ஸில் அப்பா தூங்கினார். நான் முன் சீட்டுக் கம்பியில் தலையை வைத்து அழுதேன். போர்டு, கார்டு, மெமரி எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேனே. வீட்டில் இருந்த டார்ச்சை எடுத்து ஒரு தடவை அவர் பக்கத்தில் ஆட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு.

அக்டோபர் 3

வேனை விற்றாயிற்று. வாங்கியவர் அவலூர்பேட்டைக்காரர். அவர் ஓட்டிக்கொண்டு போனபோது அப்பா வாசலுக்கு வரவில்லை.

ஆயுத பூஜை

போன வருஷம் இதே நாள் வேனுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா அதை நசுக்கி ஓட்டிக் காட்டினார். இந்த முறை என் கம்ப்யூட்டரும் அம்மாவின் அரிவாள்மணையும்தான். சந்தனம் வைக்க அப்பா குனிந்தபோது விரல் திரையைத் தேடித் தேடிப் போனது. அம்மா அவர் கையைப் பிடித்துத் திரையில் வைத்தாள். "எனக்குத் தெரியுது சரோஜா" என்று எரிந்து விழுந்தார். பிறகு யாருமே சுண்டலைத் தொடவில்லை.

அக்டோபர் 24 – ஞாயிறு

அப்பா இப்போது அர்ஜுனன் அண்ணன் வண்டிக்கு ஆள் கூப்பிடுகிறார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். "கீழ்பென்னாத்தூர், கீழ்பென்னாத்தூர்" என்று குரல் கொடுத்துக்கொண்டு நின்றார். பக்கத்திலேயே மூட்டையோடு ஒரு அம்மா ஏறுவதற்குக் காத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. நான் கிட்டே போகாமல் திரும்பிவிட்டேன். ஏன் போகவில்லை? தெரியவில்லை. வெட்கம் இல்லை. சத்தியமாக வெட்கம் இல்லை.

நவம்பர் 7 – ஞாயிறு

அப்பா கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை. அதனால் ஆட்டத்தில் ஒரு வேலை செய்துவைத்தேன். வேறு வண்டிகளே வராதபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வெறும் ரோடு. யாரும் குறுக்கே வரமாட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

ஓட்டினார். நாற்சந்தி வந்தது, தாண்டினார். பாலம், தாண்டினார். ஒரு மோதலும் இல்லை. எனக்குத்தான் மார்பு விம்மியது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் போய் லாரியை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"யாருமே இல்லியேடா."

"எடுத்துட்டேன்பா. உனக்காகத்தான்."

"ஊரடங்கு போட்ட மாதிரி இருக்குது. ஹாரன் அடிக்கக்கூட ஆள் இல்லாம இது இன்னாடா ஓட்டறது? திரும்ப வுடு அதுங்கள."

"மோதுவியேப்பா."

"மோதறன். இங்க மோதனா யாருக்கு இன்னா? இங்கயாவது ஜனத்துக்கு நடுவுல ஓட்டறன்டா."

வண்டிகளைத் திரும்பவும் விட்டேன். அப்பா மோதினார். மறுபடி எடுத்தார். மறுபடி மோதினார். நான் இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்கு இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தேன்.

"லெஃப்ட்ல பஸ் வருதுப்பா."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. தேடவும் இல்லை. நிறுத்தினார். மஞ்சள் பஸ் எங்களுக்கு முன்னால் கடந்து போனது.

"ம்" என்றார் அப்பா. "அப்படியே சொல்லிக்கினே வா."