குடைக்கு இந்தப் பக்கம்

டீச்சர்,

இன்று காலையும் உங்கள் குடையை விரித்தேன். கைப்பிடியிலிருந்து முட்டுவலித் தைலத்தின் வாசனை வந்தது. நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. என் கையிலிருக்கும் கிரீஸும் டயர்ப் பசையும் சேர்ந்துகூட அந்த வாசனையை விரட்ட முடியவில்லை. அது மூக்கில் ஏறியதும் என் வலது கால் ஆடத் தொடங்கிவிடுகிறது. சாலையில் லாரியே இருக்காது. அவ்வளவு முன்யோசனையுள்ள கால்.

என்னைத் தைரியசாலி என்று யாரும் தப்பாக நினைத்ததில்லை, உங்களுக்கே தெரியும். துறைமுகச் சாலையில் இருபது வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கழற்றிப் போட்ட சக்கரத்துக்கு நான் ராஜா. ஏறி மிதிப்பேன், சுத்தியலால் அடிப்பேன். அதே சக்கரம் லாரியில் மாட்டி உருண்டால் பத்தடி தள்ளி நிற்பேன். ஒருமுறை காற்று ஏறட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். டயர் வெடித்து இரும்பு வளையம் கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது. அந்த டீயால்தான் இந்தக் கடிதம் எழுத நான் மிச்சமிருக்கிறேன்.

நான் கடை போட்ட வருடம்தான் நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். சாலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் எங்கள் தெருக்கள். நடுவில் உப்பும் நிலக்கரியும் கன்டெய்னரும் ஏற்றிய லாரிகள். ஓய்வு பெற்ற மறுமாதமே கறுப்புக் குடையோடு வந்து நின்றீர்கள். "சிக்னல் போடுத வரைக்கும்தாம்லே" என்றீர்கள். சிக்னல் இன்னும் வரவில்லை.

காலையில் பிள்ளைகளை அந்தப் பக்கம் சேர்த்துவிட்டு, யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். மத்தியானம் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து மீன் விற்கும் பெண்களுக்குப் பென்ஷன் மனு எழுதுவீர்கள். சாயங்காலம் மணியடித்ததும் மறுபடி குடை. ஓய்வு பெற்றவர் இப்படி ஓடுகிறாரே, ஓட வேண்டிய வயதில் நான் உட்கார்ந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருக்கும். அதற்குள் டீ வந்துவிடும்.

லாரி வந்தால் நடுச்சாலையில் போய் அதன் முகத்துக்கு நேராகக் குடையை விரிப்பீர்கள். தலையை மட்டும் ஒருபக்கமாகச் சாய்த்து எதையோ கேட்பதுபோல நிற்பீர்கள். உங்களுக்குக் காது மந்தம் என்று கடையில் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் ஒரு டிரைவர் கத்தினான். "சாவுததுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"இதுக்கு முன்னால நாலு வண்டி பாத்துட்டேன், ஒண்ணும் சரிப்படல" என்றீர்கள். "நீ எந்த ஸ்கூல்ல படிச்சே?"

அவன் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்தான். அன்று நான் கேட்டேன், பயமாக இல்லையா என்று.

"அதக் குடைக்கு அந்தப் பக்கம் இருக்கவன்கிட்டக் கேளுலே."

நானும் சிரித்தேன். பயப்படுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் முட்டு வலி அதிகமானபோது கேட்டீர்கள். "ஏலே அந்தோணி, ரெண்டு நாளைக்கு நீ நில்லேன்."

"கடையில ஆளில்ல டீச்சர்."

"ஆளில்லாத கடையில நீ எதுக்குலே இருக்க?"

நான் ஒரு பழைய டியூபை எடுத்து, இல்லாத ஓட்டையைத் தேடத் தொடங்கினேன். மறுநாள் தைலத்தை அள்ளித் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

கோடை விடுமுறையில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் உங்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். சாலையைப் பற்றி யாரும் பேசவில்லை. குடை என் கடை ஆணியில்தான் தொங்கியது, தினமும் அங்கேதானே மாட்டுவீர்கள். அது என் கண்ணில் படாமலிருக்க முன்னால் நாலு டியூபை மாட்டி வைத்தேன்.

பள்ளி திறந்து மூன்று நாள் பிள்ளைகள் கும்பலாக ஓடிக் கடந்தார்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் ஸ்பேனரைக் கீழே போட்டேன். பெரியவர்கள் யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். எனக்கு நாற்பத்தேழு வயது, டீச்சர்.

நான்காம் நாள் குனிந்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீளமாக ஒரு ஹாரன். நிமிர்ந்தால் நடுச்சாலையில் உங்கள் குடை. நீங்கள்தான் என்று ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் குடைக்குக் கீழே சீருடை தெரிந்தது. என் மகள் ஜெனிட்டா. ஒன்பதாம் வகுப்பு. எதிரே கன்டெய்னர் லாரி.

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. அவளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் குடையைப் பிடித்தேன். திரும்பி ஓட நேரமில்லை. இருந்திருந்தால் ஓடியிருப்பேன்.

குடைக்குப் பின்னால் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. லாரி தெரியவில்லை. கறுப்புத் துணி மட்டும்தான் தெரிந்தது. தரை அதிர்ந்தது, முகத்தில் சூடு அடித்தது. என் கழுத்து தானாகச் சாய்ந்தது. என் காது எதைத் தேடியதென்று எனக்குத் தெரியும், இருபது வருடத் தொழில். 'புஸ்ஸ்' என்று ஏர் பிரேக் மூச்சுவிட்டது. லாரி நின்றுவிட்டது.

நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். குடை டிரைவருக்கு உங்களைக் காட்டியது, உங்களுக்கு லாரியை மறைத்தது. இருபது வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தவனுக்கு இது தெரியவில்லை.

எல்லாரும் கடந்த பிறகு ஜெனிட்டாவைத் திட்ட வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஒங்க கால் ஆடுதுப்பா."

"பயந்துட்டேன்ளா. அதுக்கென்ன இப்ப?"

"டீச்சருக்கும் ஆடும். சேலைக் கரை நடுங்கிக்கிட்டே இருக்கும். அது நின்னாத்தான் லாரி நின்னுட்டுன்னு நாங்க நடப்போம். எல்லாப் பிள்ளையளுக்கும் தெரியுமே."

எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இரண்டு நாள் நின்றிருப்பேனா? தெரியாது, டீச்சர். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்றிலிருந்து நிற்கிறேன். பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. காலையில் இட்லி இறங்குவதில்லை. பிரேக் பிடிக்காத லாரி எந்த நாளில் வருமோ என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது. ஆனால் பயத்தை மறைக்க மட்டும் நான் முயற்சி செய்வதில்லை. கட்டியிருக்கும் சாரத்தை மடித்துக் கட்டாமல் கணுக்கால்வரை இறக்கி விட்டுக்கொள்கிறேன். அதன் ஓரம் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

இன்று காலையும் தரை அதிர்ந்தது. குடையை விரித்துக் கழுத்தைச் சாய்த்தேன். சாரத்தின் ஓரம் படபடவென்று ஆடியது. பின்னால் ஒரு பிள்ளைகூட அசையவில்லை. பிரேக் மூச்சுவிட்டது. என் கால் நின்றது. அதன் பிறகுதான், உங்கள் தைல வாசனைக்குப் பின்னால், செருப்புச் சத்தங்கள் நகரத் தொடங்கின.