வாசலில் வாங்கிய வெற்றிலை

திரு நிலைக்க. முரம்பாறு இரு கரை தொட்டு ஓடுக.

பொன்வரை நாடு முழுதும் ஒரு குடைக்கீழ் ஆளும் கோமகனார் திருவடி நிழலில் அமர்ந்து, அவர் எண்ணியதை நாட்டார் அனைவரும் கேட்க எடுத்துரைக்கும் பேரமைச்சர் எயினனார் திருமுன்புக்கு, மணல்திட்டுப் பாசறையிலிருந்து ஆட்டநாயகம் கோவன் சேந்தன் நிலந்தொட்டு வணங்கி எழுதிய ஓலை. தங்கள் மாளிகை விளக்கு அணையாதிருக்க. தலைநகரத்துத் தெருவும் கோயிலும் தொழுவமும் களஞ்சியமும் நிறைந்திருக்க. அங்கே நலம் கேட்டு இங்கே நலம் சொல்வது ஓலை முறை. இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்தக் காலத்து மனிதர்க்கு வேடிக்கை பார்க்கத் தெரியவில்லை, பெருமானே. முன்பெல்லாம் பாசறைக்கு வந்தவன் கரையில் உட்கார்ந்து, அவல் தின்று, பந்து போகிற பக்கம் தலையைத் திருப்பி, பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போனான். இன்றைக்குக் கரையில் குந்தினவனெல்லாம் ஆட்டநாயகம். தன் எருமையைத் தன் தொழுவத்துக்குள் ஓட்டத் தெரியாதவன், யார் வலப்புறம் ஓட வேண்டும், யார் இடப்புறம் ஓட வேண்டும் என்று எனக்கு ஓதுகிறான். தயிர் விற்க வந்தவள் பானையை இறக்கி வைத்துவிட்டு நடுவரிசையில் ஆள் மெலிவு என்கிறாள். தயிர் புளித்துப் போகிறது, அவள் வாய் ஓயவில்லை. மழித்துக்கொள்ள உட்கார்ந்தால், நாவிதன் கத்தியை என் தொண்டையில் வைத்துக்கொண்டு, புன்னைமேட்டு நெடுவேளை ஏன் முன்முனையில் நிறுத்தவில்லை என்று கேட்கிறான். அந்த நிலையில் நான் வேறென்ன சொல்வேன்? நிறுத்தினால் போயிற்று என்றேன். மறுநாள் அது நான் கொடுத்த வாக்கென்று ஊரெல்லாம் பரவிவிட்டது. இப்போது வந்திருக்கிற கேடெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான்.

தாங்கள் அறியாததல்ல, ஆயினும் இவ்வோலை அரண்மனையில் பல கை மாறும், அவற்றுள் பந்து உருண்டையா சதுரமா என்று அறியாத கையும் இருக்கும் என்பதால் வழக்கத்தை எழுதிவிடுகிறேன். ஆற்றில் புதுவெள்ளம் வருமுன், காய்ந்த மணலில் நம் நாட்டார் பதினொருவரும் எதிர்க்கரை மேல்வரை நாட்டார் பதினொருவரும் பந்தாடுவர். வென்ற நாடு அணையில் தன் வாய்க்காலை முதலில் திறக்கும். தோற்ற நாட்டுக்கு மிஞ்சின தண்ணீர். மழை குறைந்த ஆண்டில் மிஞ்சின தண்ணீர் நம் கடைமடை ஊர்களை எட்டாது. வாளால் தீர்த்துக்கொண்டிருந்ததைக் காலால் தீர்த்துக்கொள்வோம் என்று இரு நாட்டு முன்னோரும் கல்லில் வெட்டி உடன்பட்டது இது.

ஆட்டத்துக்கு முன் பாசறை கூடும். வந்தவர்களை ஓடவிட்டு, விழவிட்டு, எவனுக்கு எந்த இடம் என்று நான் பார்ப்பேன். பார்த்து முடித்தபின் அவனவனை அவனவன் இடத்தில் நிறுத்தி வெற்றிலை கொடுப்பேன். மேல்வரைத் தூதர் கண்ணெதிரே எவன் எங்கே நின்று வெற்றிலை வாங்கி மென்றானோ, அவ்வாண்டு அவனுக்கு அதுவே இடம். கோமகனார் சொன்னாலும் மாற்றமில்லை. ஆள் மாற்றி, இடம் மாற்றி ஏமாற்றியதில் ஒரு காலத்தில் தலைகள் உருண்டதால் வந்த கட்டு அது. யார் கையால் வாங்க வேண்டும் என்பது மட்டும் கல்லில் இல்லை. ஆட்டநாயகத்தின் கையைத் தவிர வேறு கை நீளும் என்று வெட்டினவர்கள் நினைக்கவில்லை. அவர்கள் காலத்து மனிதர்க்கு அடக்கம் இருந்தது.

இவ்வாண்டு வாய்ச்சண்டை முழுதும் முன்முனை இடத்துக்காக. பந்தைப் புகுத்த வேண்டிய எதிரியின் வாசலை நோக்கி முதலில் பாய்கிறவன் நிற்கும் இடம் அது. ஆலங்கரையார் தங்கள் ஊர் ஆதனுக்கு என்றார்கள். புன்னைமேட்டார் தங்கள் நெடுவேளுக்கு என்றார்கள். ஆதனுக்கு என்று நான் மனத்துக்குள் முடித்து வைத்திருந்தேன். பந்து காலில் பட்டுவிட்டால் அவனைப் பிடிக்க இரு கரையிலும் ஆள் கிடையாது. நம் வாசலைக் காக்கக் கொற்றன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவன் பேச மாட்டான், சிரிக்க மாட்டான். பந்து தன்னைத் தாண்டிப் போன நாளில் உண்ணவும் மாட்டான்.

நாவிதன் கிளப்பிய பேச்சு ஆலங்கரையை எட்டியது. ஆட்டநாயகக் கிழவன் நம் பிள்ளையைக் கைவிடப் போகிறான், அவன் கொடுக்குமுன் நாமே கொடுத்து இடத்தைக் கட்டிப்போடுவோம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். அடுத்த நாள் பயிற்சி ஓய்ந்த பொழுதில், பறையும் மாலையும் தாம்பாளத்தில் வெற்றிலையுமாக ஊரே மணலில் இறங்கி ஓடி வந்தது. ஆதன் அந்நேரம் நம் வாசற்கம்பங்களுக்கு நடுவே நின்றிருந்தான். காரணம் வேறொன்றுமில்லை, தண்ணீர்ப்பானை அந்தக் கம்பத்து நிழலில்தான் இருக்கும். தண்ணீர் குடிக்கப் போனவனுக்கு மாலையைப் போட்டு, வெற்றிலையை வாயில் கொடுத்தார்கள். துப்பு, துப்பு என்று நான் மறுமுனையிலிருந்து கத்தினேன். பறையோசையில் யாருக்குக் கேட்கும்? ஊர்ப்பெரியவர் கொடுத்தது என்று பயல் மரியாதையாக மென்று விழுங்கினான்.

குடைக்கீழ் அமர்ந்திருந்த மேல்வரைத் தூதர் அந்துவனார் எழுந்து நின்றார். தம் சாட்சிக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார். ஆதன், வாசல் என்று உரக்கச் சொன்னார். பறை அடித்தவன் அப்போதுதான் தான் நிற்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தான். பறை நின்றது.

அன்று மாலையே புன்னைமேட்டார் கரையில் நின்று சிரித்தார்கள். வெற்றிலையை அந்தத் தண்ணீர்ப்பானைக்கே கொடுத்திருக்கலாம், அது அசையாமல் நின்று வாசலைக் காக்கும் என்று ஒருவன் சொல்ல, ஆலங்கரையான் ஒருவன் கம்பைத் தூக்க, மூன்று பேர் மண்டை உடைந்தது. வேல்காரரை நடுவில் நிறுத்தித்தான் பாசறையை நடத்தினேன். அதை முன் ஓலையில் எழுதியிருந்தேன். வெற்றிலையை இல்லையென்று ஆக்க வழியுண்டா என்றும் கேட்டிருந்தேன். வாங்கியது வாங்கியதே, அதை மறுத்தால் மேல்வரையார் கையில் வாளைக் கொடுத்தது போலாகும் என்று தாங்கள் மறுமொழி அருளினீர்கள். அது சரி. அதற்குத் தலை வணங்கினேன்.

ஆனால் அதே ஓலையில் பின்னுமொன்று எழுதியிருந்தீர்கள். ஆதன் வாசலில் நிற்பதே பொருத்தம் என்று மக்கள் ஒருவாயாகச் சொல்வதாகத் தங்கள் செவிக்கு எட்டியதென்றும், ஆகவே இப்பதினொருவரும் தத்தம் இடத்துக்குத் தகுந்தவரே என்று நான் முத்திரையிட்டு அனுப்ப வேண்டுமென்றும். அதற்குத்தான் இந்த ஓலை.

மக்கள் ஒருவாயாகச் சொல்வது மெய்தான். ஆலங்கரையார் தாங்கள் செய்ததைப் பிழையென்று சொல்ல மனமில்லாமல், ஆதனின் கை நீளத்தைக் கண்டுபிடித்தார்கள். முந்தின நாள் வரை அவன் காலை மட்டுமே பாடிக்கொண்டிருந்த வாய், இப்போது அவன் கையைப் பாடுகிறது. புன்னைமேட்டாருக்கு நெடுவேளின் இடம் உறுதியாயிற்று. அவர்களும் ஆமாம் போட்டார்கள். தயிர்க்காரியும் நாவிதனும்கூட ஒத்துப்போய்விட்டார்கள். இரண்டு ஊரும் அடித்துக்கொண்டபோது எனக்குப் பயமில்லை, பெருமானே. ஒத்துப்போனபோதுதான் பயம் பிடித்தது.

நேற்று நம்மவரை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தேன். நடந்ததை மறைக்க மாட்டேன். ஆதன் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. நெடுவேள் அடித்ததைத் தாவிப் பிடித்தான். கொற்றனே வெறிகொண்டு அடித்ததை விரல் நுனியால் தட்டிவிட்டான். கரை இடிந்து விழுகிற மாதிரி ஆர்ப்பரித்தார்கள். கிழவருக்குக் கண் இருந்தால் பார்க்கட்டும் என்று என் காதுபடவே சொன்னார்கள்.

பார்த்தேன். அடித்தவர்கள் எல்லோரும் அவனோடு ஒரே பானைச் சோறு உண்கிறவர்கள். எவன் எந்தக் காலால் எந்தப் பக்கம் அடிப்பான் என்று அவனுக்கு உறக்கத்திலும் தெரியும். இன்னொன்றும் பார்த்தேன். பந்து மறுமுனைக்குப் போனதும் ஊர்க்கண்ணெல்லாம் பந்தோடு போயிற்று. என் கண் ஆதன் மேல் இருந்தது. கன்றைக் கண்ட பசுவைப் போல அவன் கால் முன்னால் நடந்தது. முதலில் நாலடி. அப்புறம் பாதிக் களம். வாசல் திறந்து கிடந்தது. கரையில் ஒருவரும் அதைக் காணவில்லை. அந்துவனார் கண்டார். அவரும் பந்தைப் பார்க்கவில்லை, ஆதனின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்ப்பதை அறிந்ததும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் ஆதனைக் கூடாரத்துக்கு அழைத்தேன். ஏன் முன்னே போனாய் என்று கேட்டேன். போனது அவனுக்கே தெரியவில்லை. தலை குனிந்து சொன்னான்: "எனக்குப் பின்னால ஒருத்தருமே இல்லாத இடத்துல நான் நின்னதில்லை அய்யா. முதுகு கூசுது. அதான் கால் தானா போகுது." கரையில் கத்துகிறவர்கள் ஒருவரும் அவனிடம் இதைக் கேட்கவில்லை. பயல் பொய் சொல்லாதவன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

இன்று காலை மற்றவர்களோடு கொற்றனுக்கும் நானே வெற்றிலை கொடுத்தேன். வாசலுக்கு முன்னே, பின்வரிசை நடுவில் அவனை நிறுத்தினேன். ஆதன் முன்னே நகர்ந்தால் அதட்டிப் பின்னே அனுப்ப ஒருவன் அங்கே வேண்டும். ஆனால் வாசல் காப்பவன் ஒருவனுக்குத்தான் கையால் பந்தைத் தொட உரிமை. கொற்றனுக்கோ பந்து வந்தால் கை தானாக எழும்பும். ஆதன் வெற்றிலை மெல்லும் வரை அவன் வேலை அது. ஆகவே, இரு கையையும் பின்னால் சேர்த்து மேல்துண்டால் தானே கட்டச் சொல்லி, அப்படியே ஓடிப் பழகுகிறான். விழுந்தால் முகம் மணலில் படுகிறது. கட்டிவிட்டவனிடம், "இன்னும் இறுக்கு" என்றானாம். அவன் பேசியதாக இந்தப் பாசறையில் எனக்குத் தெரிந்த வார்த்தை அவ்வளவுதான். கரையார் அதைப் பார்த்தும் சிரிக்கிறார்கள்.

பேச மாட்டாதவனை அதட்ட வைத்திருக்கிறேன். பந்தைப் பிடிக்கிறவன் கையைக் கட்டியிருக்கிறேன். ஓடுகிறவனை நிற்க வைத்திருக்கிறேன். இதற்குப் பெயர் படையென்றால், தாங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

தங்கள் ஆணைப்படி பதினொருவர் பெயரும் இடமும் இவ்வோலையோடு கட்டிய தனி ஓலையில் உள்ளன. அதில் இரண்டு வரி எழுதும்படி தங்கள் கட்டளை. முறைப்படி வெற்றிலை வாங்கியவர் என்ற வரியின் கீழ் என் முத்திரை இருக்கிறது. தத்தம் இடத்துக்குத் தகுந்தவர் என்ற வரியின் கீழ் வெறும் இடம் விட்டிருக்கிறேன். அங்கே முத்திரை வேண்டுமென்றால் தங்கள் முத்திரையைப் பதிக்கலாம். தங்கள் முத்திரை என்னுடையதைவிடப் பெரிது.

இனி, ஆட்டநாயகம் என்ற உரிமையில் நான் இடும் கட்டளைகள். ஆட்ட நாள் வரை மணல்திட்டுக் கரையில் பறையும் தாம்பாளமும் வெற்றிலையும் இறங்கக் கூடாது. இறக்கினவன் எந்த ஊரானாயினும் வேல்காரர் கையில் ஒப்புவிக்கப்படுவான். தண்ணீர்ப்பானை இன்றே கம்பத்தடியிலிருந்து எடுக்கப்பட்டுக் கரைக்கு வெளியே வைக்கப்படும். நான் தலைவனாய் இருக்கிற கடைமடைக் காஞ்சிவயலில் ஒருவரும் இவ்வாண்டு நெல் நாற்றுப் பாவ வேண்டாம், வரகு விதைக்கட்டும். மற்றக் கடைமடை ஊர்களுக்கும் அவ்வாறே ஓலை போக்கத் தங்களை வேண்டுகிறேன். தாங்கள் போக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மக்கள் மனம் தளரும் என்பீர்கள். மனம் தளர்ந்தவன் மறுநாள் எழுந்து உட்காருவான். விதைநெல்லைக் கருகவிட்டவன் என்ன செய்வான்?

ஆட்ட நாளில் களத்தில் இருக்க வேண்டியது ஆட்டநாயகத்தின் கோல். ஆள் இருக்க வேண்டும் என்று கல்லில் இல்லை. கோலை இருக்கையில் நட்டு வைத்துவிட்டேன். இதை எழுதுகிறபோதும் கரையில் ஆதன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். இன்னொரு பந்தைப் பிடித்திருப்பான். பிடிக்கட்டும். அவர்கள் சொன்னது மெய்யாகி, தண்ணீர் முதலில் நம் பக்கம் வந்தால், காஞ்சிவயல் மடையில் மண்வெட்டியோடு நிற்கிற என்னை யாரும் வந்து சிரித்துவிட்டுப் போகலாம். வரகுக்கு நடுவே நின்று கேட்டுக்கொள்வேன்.

கோமகனார் குடை நிழல் குறையாதிருக்க. வேங்கைநிலவுத் திங்கள், வளர்பிறை ஏழாம் நாள், மணல்திட்டில், கோவன் சேந்தன் கைமுத்திரை. இவ்வோலை தங்கள் கைக்கு வருமுன் நான் ஆற்றை விட்டுத் தெற்கே காஞ்சிவயலுக்கு நடந்திருப்பேன். மறுமொழி இருந்தால் மடைக்கு அனுப்புக.